இன்வெர்ட்டர் ஆஃபருக்கு நான் போட்ட நாலாவது போன்

இன்று காலை ஒரே ஒரு போன் போட்டு ஒரு வீட்டையே அழ வைத்துவிட்டேன்.

இப்போதுதான் கடைக்குத் திரும்பி வந்து எழுதுகிறேன். டைப்பில் தப்பு இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

உத்தமபாளையத்தில் நாங்கள் இன்வெர்ட்டர் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். (கரண்ட் போனால் மட்டும் ஞாபகம் வருமே, அதே கடைதான்!)

இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் மிலிட்டரிக்காரர் வீடு உண்டு. ஆண்கள் எங்கோ எல்லையில் இருப்பார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் புழுக்கத்தில் கிடப்பார்கள்.

அவர்களுக்கென்றே ஒரு ஆஃபர் யோசித்தோம். இன்வெர்ட்டர் வாங்கினால் மாட்டித் தருவது இலவசம். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவும் நாங்களே வீடு தேடி வருவோம்.

எங்கள் கஸ்டமரான ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் தனக்குத் தெரிந்த முப்பது வீடுகளின் பேரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

"நீதான் நல்லாப் பேசுவ ஜமீலா, நீயே போடு" என்றார் என் வீட்டுக்காரர். (வீட்டில் இதே வாயைத்தான் மூடச் சொல்வார்!)

கூடவே தொழில் ரகசியமும் சொல்லிக் கொடுத்தார்.

"எடுத்ததும் வெலயச் சொல்லிராத. பெரியவுக பக்கத்துல இருக்காகளான்னு கேட்டுக்க. அவுக தலையாட்டாம எந்த வீட்லயும் நம்ம சாமான் ஏறாது."

முதல் மூன்று போனில் ஒன்று ராங் நம்பர். ஒன்று 'வேண்டாம்'. ஒன்று 'மிக்ஸி ஃப்ரீயா?'

நாலாவது ராயப்பன்பட்டி. பேர் ஸ்டெல்லா. கணவர் ஆரோக்கியம், காஷ்மீரில் இருக்கிறார்.

"ஹலோ, மிலிட்டரி ஆரோக்கியம் சார் வீடுங்களா?"

"ஆமா."

"நீங்க அவுக மிஸஸா?"

"ஆமா... நீங்க யாரு பேசுறீக?"

"உங்களுக்கு ஒரு முக்கியமான தகவல் சொல்லணும். பெரியவுக யாராச்சும் பக்கத்துல இருக்காகளா?"

ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. லைன் கட்.

டவர் இல்லை போல என்று நினைத்து அடுத்த நம்பரைத் தேடினேன் நான், புத்திசாலி!

பக்கத்தில் பில் எழுதிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இப்ப என்ன சொன்ன? மிலிட்டரிக்காரர் வீட்டுக்குப் போன் போட்டு தகவல்னா சொன்ன?"

அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பக்கம் 'தகவல் வந்திருக்கு' என்றால் யாரும் 'என்ன தகவல்' என்று கேட்க மாட்டார்கள். 'பாடிய எப்ப எடுக்கிறாக?' என்றுதான் கேட்பார்கள்.

யா அல்லா! போதாததற்குப் பெரியவர்களை வேறு பக்கத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்!

திரும்பப் போட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. அந்தப் பெண் யாருக்கெல்லாம் அழுதுகொண்டே போன் போடுகிறாளோ!

கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு பைக்கில் கிளம்பினோம். வழியெல்லாம் ரீடயல்தான். வழியெல்லாம் பிஸிதான். அந்தப் பெண் ஏதாவது செய்துகொண்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

ராயப்பன்பட்டியில் வீட்டை விசாரித்து அந்தத் தெருவுக்குள் நுழைந்தால், வாசலில் ஒருவர் பிளாஸ்டிக் சேர்களை இறக்கி வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க சொந்தக்காரகளா? இப்பத்தான் தகவல் வந்துச்சாம்" என்றார் என்னிடமே.

"அண்ணே, அந்தத் தகவலே நான்தாண்ணே!"

அவருக்குப் புரியவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். கணவர் நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார், போகவேயில்லை. மாமியார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நாந்தாங்க போன் போட்டது. இன்வெர்ட்டர் கடை. ஆஃபர் சொல்லத்தான் போட்டேன். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லங்க."

"ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

உண்மையிலேயே எனக்கு எப்படித் தெரியும்?

"ஏத்தா, யாவாரம் பண்ண வேற வார்த்தையே கெடைக்கலயா ஒனக்கு?" என்று மாமியார் கத்தினார். எத்தனை திட்டினாலும் தகும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூடியிருந்த அக்கம்பக்கத்தார் யாரும் கலைந்து போகவில்லை. எல்லோரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.

அப்புறம் அது அடித்தது. தெரியாத நம்பர்.

ஸ்டெல்லா எடுக்கவில்லை. போனை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீங்களே எடுங்க."

எடுத்துக் காதில் வைத்தேன். நான் ஹலோ சொல்வதற்குள் ஒரு ஆண் குரல்:

"நல்லா இருக்கேன்."

அவ்வளவுதான். எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

"ஸ்டெல்லா? ஏன் பேச மாட்டேங்குற? யாரு அழுகுறது? அங்கன என்னாச்சு? அம்மாவுக்கு ஏதும்..."

அந்தக் குரல் நடுங்கியதை என்னால் மறக்க முடியாது. போனை ஸ்டெல்லாவின் காதில் வைத்தேன்.

எல்லாம் அடங்கி, சேர்களை அந்த அண்ணன் திரும்ப ஏற்றும்போது, ஸ்டெல்லா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். (திட்டுதான் வருமென்று நினைத்தேன்!)

"எங்க வீட்ல ஹலோ கெடையாதுங்க. அவுக எந்த நம்பர்ல இருந்து போட்டாலும் மொதல்ல 'நல்லா இருக்கேன்'னு சொல்லிருவாக. அதக் கேட்டாத்தான் எனக்கு மத்ததெல்லாம் காதுல ஏறும்."

லிஸ்ட்டில் இன்னும் இருபத்தாறு வீடுகள் இருக்கின்றன. போனைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது பட்டாளத்தில் இருந்தால் சொல்லுங்கள். தெரியாத நம்பரில் என்னைப் போல ஒருத்தி கூப்பிட்டால், முதலில் எந்த வார்த்தையைக் கேட்டால் உங்களுக்கு மூச்சு வரும்?