மதினிக்கு மீசை வச்ச கதை

எங்க மதினிக்கு மீசை வச்சது நான்தான். அதுவும் சும்மா பூனை மீசை இல்ல, நல்ல முறுக்கு மீசை. வேட்டியக் கட்டிவிட்டு, கடுகண்ணாவையில வீடு வாடகைக்கு விடுற முதலாளியா மாத்தி ஒரு டிவி நாடகத்துக்குள்ள தள்ளிவிட்டேன். எவன் கண்டுபிடிக்கப் போறான்னு ஒரு தெனாவட்டு. அந்த நாடகம் டிவியில வரவே இல்ல, நீங்க தேட வேண்டாம்.

மதினின்னா எம் புருசனோட அக்கா. கலியாணம் கட்டல. தேயிலைத் தோட்டத்துல கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க கைப்பிள்ளைகள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவ இருபத்தஞ்சு வருசம் கட்டி ஆண்டவங்க. வேலைய விட்டதும் ஒரு ட்ரங்குப் பெட்டியோட பிலிமத்தலாவையில எங்க வாடகை வீட்டுக்கு வந்தாங்க. பிள்ளைக் காம்பராவும் கூடவே வந்திருச்சு. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அதனால காம்பராவுல பிள்ளைங்க நாங்க ரெண்டு பேருதான்.

சாயங்காலம் ஆறு மணியானா "கை கழுவியாச்சா?"ன்னு ஒரு சத்தம் வரும். எம் புருசனுக்கு வயசு நாப்பத்தெட்டு. எந்திரிச்சு ஓடுவாரு. நான் கழுவிட்டேன்னு சொன்னா நம்ப மாட்டாங்க, கைய நீட்டச் சொல்லி மோந்து பாப்பாங்க. நான் வேலைக்குப் போற கந்தோர்ல எனக்குக் கீழ நாலு பேரு இருக்காங்க, வீட்டுக்கு வந்தா எனக்கு இந்தக் கதி! பதினோரு வருசம் இப்படி. கோபம் வந்தா ரெண்டு பேரும் நல்லாச் சண்டை போடுவோம், அதுல கொறச்சல் இல்ல. ஆனா மறுநாளும் ஆறு மணி வரும்.

அப்பத்தான் எம் புருசனுக்குத் திகனையில வேலை மாத்தல் கிடைச்சுது. சத்தமில்லாம அங்க ஒரு வீட்டப் பாத்து வச்சோம். மதினிய மாத்தளையில இருக்கிற சின்னத் தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டு, நாங்க ரெண்டு பேரும் கிளம்புறதுன்னு திட்டம். எல்லாம் சரி, அத அவங்ககிட்ட யாரு சொல்றது? "உங்க அக்கா, நீங்க சொல்லுங்க"ம்பேன். "பொம்பளைக்குப் பொம்பளை, நீ சொல்லு"ம்பாரு. ரெண்டு மாசம் இப்படியே இழுத்துச்சு. வீடு மாற இன்னும் பத்து நாள்ங்கிற வரைக்கும் இழுத்துச்சு.

இந்த ரெண்டு மாசத்துக்குள்ளதான் நாடகம் எழுதப் படிச்சேன். ஒரு தொலைக்காட்சிக்காரங்க புதுசா எழுதுறவங்களக் கூப்பிட்டு, ஆளுக்கொரு வழிகாட்டியக் குடுத்து, பைலட் எழுத வச்சாங்க. பைலட்டுன்னா ஒரு தொடரோட முதல் பகுதி. அதப் பாத்துட்டுத்தான் மிச்சத்த எடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. எனக்குக் கிடைச்ச வழிகாட்டி யாழ்ப்பாணத்துப் பொண்ணு, கொழும்புல வேலை. என்னவிடப் பதினஞ்சு வயசு எளையவ. சனிக்கிழமை காலையில கண்டிக்கு வந்து, வாவிப் பக்கம் ஒரு பேக்கரி மாடியில உக்காந்து, ரெண்டு ரோல்ஸத் தின்னுக்கிட்டே எம் பக்கத்த எல்லாம் செவப்புப் பேனாவால கிழிகிழின்னு கிழிப்பா. அவ திருப்பிக் குடுக்கிற தாள்ல செவப்பு மையும் எண்ணெய்யும் சரிபாதியா இருக்கும்.

மொத நாள் நான் கொண்டு போனத வாசிச்சுட்டு அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே! "மேற்படி முதலாளி, மேற்கூறப்பட்ட வீட்டினுள் பிரவேசிக்கிறார்"னு எழுதியிருந்தேன். இருபது வருசம் கந்தோர்க் கடிதம் எழுதின கை, வேற எப்படி எழுதும்?

"அக்கா, இது நாடகமோ, சம்மன் கட்டளையோ?"

"நீ சிரிக்கிறத நிப்பாட்டிட்டுச் சொல்லிக்குடு"ன்னேன். சொல்லிக்குடுத்தா. ஆள் என்ன நினைக்கிறாருன்னு எழுதாதீங்க, என்ன செய்யிறாருன்னு எழுதுங்கன்னா. ரெண்டு பேரு பேசுனா ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் ஒண்ணு வேணும்னு இருக்கணும்னா. நானும் ஒழுங்காத்தான் படிச்சேன். மூணாவது சனிக்கிழமை "மேற்படி" எல்லாம் போயிருச்சு. முதலாளி வாடகைக்காரங்களப் பாத்து "கை கழுவியாச்சா?"ன்னு கேக்குற எடத்துல அவ பேனாவ நிப்பாட்டினா.

"வீட்டு முதலாளி இதை ஏன் கேக்கிறார்?"

"அவரு அப்படித்தான். சில ஆளுங்க அப்படி."

"ம்"ன்னு சொல்லிட்டு ரோல்ஸக் கடிச்சா. அந்த "ம்" எனக்குப் பிடிக்கல.

பெரிய சண்டை வந்தது கடைசிக் காட்சிக்கு. முதலாளி கடுகண்ணாவை ஏத்தத்துல ஏறுறாரு, நெஞ்சப் பிடிக்கிறாரு, விழுறாரு, சாகுறாரு. வாடகைக்காரப் புருசனும் பொண்டாட்டியும் ஜன்னலத் திறந்து காத்து வாங்குறாங்க. முடிஞ்சது. எழுதி முடிச்சப்ப எனக்கு என்னா சந்தோசம் தெரியுமா!

"அக்கா, முதல் பகுதியிலேயே ஆளைச் சாக்காட்டினா, ரெண்டாம் பகுதியில சனம் ஆரைப் பாக்கிறது? பைலட் கதவைத் திறந்து விடோணும். நீங்கள் பூட்டுப் போட்டு வச்சிருக்கிறியள்."

"எங்க கந்தோர்ல ஒரு விசயத்த எடுத்தா முடிச்சுத்தான் வைக்கணும். முடிக்காம மேசையில கெடந்தா பெரியவரு உசிர எடுத்துருவாரு."

"இது கந்தோர் இல்லை. முதலாளி உயிரோட இருக்கோணும்."

"அந்தாளு சாகத்தான் வேணும்"னு நான் போட்ட சத்தத்துல பக்கத்து மேசையில கேக் தின்னவங்க திரும்பிப் பாத்தாங்க.  அவ பேனாவ மூடினா. "வாய்விட்டு வாசிச்சுக் கேட்டாத்தான் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டுக்கு வாறன், உங்கட வீட்டு ஆக்களே வாசிக்கட்டும்"னா.

வந்து மதினியப் பாத்துட்டா எங் குட்டு ஒடஞ்சிரும்! வீட்டுல தண்ணி வரலன்னேன், கொண்டு வாறன்னா. நாய் கடிக்கும்னேன், எங்கட வீட்டிலயும் நாய் நிக்குதுன்னா. எம் புருசனுக்கு அம்மை போட்டிருக்குன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள ரோல்ஸ் கைய டிசுவில தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கரெக்டா வந்து நின்னா. மதினி வடை சுட்டு வச்சிருந்தாங்க. விருந்தாளிய வாயாரக் கூப்பிட்டு, கதிரைய இழுத்துப் போட்டு, தட்ட நீட்டினாங்க. அவ வடைய எடுக்கப் போறா.

"கை கழுவியாச்சா?"

அந்தக் குட்டிச்சாத்தான் மெதுவாத் திரும்பி என்னப் பாத்தா. உதட்டக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயி கையக் கழுவிட்டு வந்தா. வந்தவ பையத் திறந்து, முதலாளியோட பக்கங்கள எடுத்து நேரா மதினி கையில குடுத்தா. "அன்ரி, இதை நீங்கள்தான் வாசிக்கோணும்."

நான் செத்தேன்னு நெனச்சேன்.

வாடகைக்காரர் எம் புருசன், பொண்டாட்டி நான். மதினி கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஆரம்பிச்சாங்க. அடேயப்பா, என்னா வாசிப்பு! முதலாளி அதட்டுற எடத்துல அதட்டுனாங்க, கனைக்கிற எடத்துல கனைச்சாங்க. "கை கழுவியாச்சா?"ன்னு வந்த எடத்துல எம் புருசன் பாவம், தாளக் கீழ வச்சுட்டு எந்திரிக்கவே எந்திரிச்சுட்டாரு. நான் அவரு சட்டையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன். மதினி நிமிந்து பாக்கல. நிறுத்தாம வாசிச்சுக்கிட்டே போனாங்க. ஏத்தத்துல மூச்சு வாங்குனாங்க, நெஞ்சப் பிடிச்சாங்க, விழுந்தாங்க. பெறகு தாளப் பெரட்டி அந்தப் பக்கத்தப் பாத்தாங்க.

"அடுத்த பக்கம் எங்க புள்ள?"

"அவ்வளவுதான் மதினி. முடிஞ்சிருச்சு."

"செத்த மனுசனுக்கு ஒருத்தருமே அழலையே. எழுத மறந்துட்டியா?"

 வெக்கமாப் போச்சு. நெசமாவே வெக்கமாப் போச்சு. பதினோரு வருசமா எனக்குக் காய்ச்சல்னா ராத்திரியெல்லாம் நெத்தியில துணி போட்ட பொம்பளை அவங்க. அத நான் ஒரு வரி எழுதல.

வழிகாட்டி இதையெல்லாம் கண்டுக்கல. அவளுக்குப் பைலட்தான் கவலை. "அக்கா, ஒரு கேள்வி. அந்தப் பொம்பிளைக்கு இந்தாளோட இருக்க ஏலாட்டி, நாங்கள் போறம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லலாம்தானே? அதைச் சொல்லாம ஏன் ஆளைச் சாக்காட்டுறா?"

  மதினிதான் பதில் சொன்னாங்க.

"அவளுக்குச் சொல்ல பயம். மோசமானவ இல்ல, சொல்லத்தான் பயம்." பேப்பரப் பாத்துக்கிட்டேதான் சொன்னாங்க.

எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. "மதினி, நாங்க திகனையில ஒரு வீடு பாத்திருக்கோம்"னு சொல்லிட்டேன். எம் புருசன் தரையில என்னத்தையோ தேட ஆரம்பிச்சாரு.  மதினி கண்ணாடியக் கழட்டி, சேலைத் தலைப்பால தொடச்சாங்க. ரொம்ப நேரம் தொடச்சாங்க.

"எத்தன ரூம்?"

நாங்க நாய் மாதிரி அலைஞ்சு தேடிப் பிடிச்ச வீடு அது. அப்படித் தேடினதே அவங்க வர முடியாத மாதிரி இருக்கணும்னுதான்.

"ஒண்ணு"ன்னேன். சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு.

"அப்ப தம்பி ஹோல்ல படுத்துக்கட்டும்"னாங்க மதினி.

எம் புருசன் தலையத் தூக்காமலே, "சரிக்கா"ன்னாரு.