குத்தூசி நுழைந்த உறை

ஒரு பழுப்பு உறை என் மண்டி மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது. மூடியை ஒட்டிய இடத்தில் குறுக்கே ஒரு கையெழுத்து. பாதி மூடியின் மேல், மறு பாதி அதற்குக் கீழே உறையின் மேல். மூடியை மடித்து வைத்தாலும் அந்த இரண்டு பாதியும் இப்போது பொருந்தவில்லை. ஒரு நூல் விலகி நிற்கின்றன. விலக்கியது நான்தான். கையெழுத்தைப் போட்டவர், என் தங்கை வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அவளுக்கு அவர் சார். அதனால் எனக்கும் சார். அவர் புகழ் பாடுவதற்காக இதை எழுதவில்லை. அவரை எனக்குப் பிடிக்காது. இப்போதும் முழுதாகப் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. நடந்தது என் மண்டைக்குள் கிடந்து உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அருப்புக்கோட்டையில் தானிய மண்டி. மல்லி, உளுந்து, பாசிப்பயறு வாங்கி விற்கிறேன். திருச்சுழிப் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். வாயைத் தைத்துத்தான் வரும். தைத்த மூட்டையை நம்பி எடுத்தவன் மண்டி நடத்த முடியாது. அதற்குத்தான் குத்தூசி. ஒரு சாண் நீள இரும்புக் குழாய், ஒரு பக்கம் கூர், நடுவில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம். மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தால் உள்ளே இருப்பது உள்ளங்கையில் வந்து விழும். மேலே நல்ல சரக்கு, நடுவில் கல்லும் ஈரமும் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு சாக்கின் ஓட்டையைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டால் சணல் இழை மூடிக்கொள்ளும். குத்திய தடம் தெரியாது. கொண்டு வந்தவன் கோபித்துக்கொள்ளவும் மாட்டான். அப்பா செத்த பிறகு இத்தனை வருடமாக என் சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, குத்தூசி இருக்கும். மனிதர்களையும் நான் அப்படித்தான் பார்த்தேன்.

தங்கை மதுரையில் நாலரை வருடம் பிசியோதெரபி படித்தவள். உள்ளூரிலேயே வேலை கிடைத்தது. மூன்று வருடம் போன பிறகு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதிலேயே டாக்டர் பட்டம் படிக்கப்போவதாக வந்து நின்றாள். சேருவதற்கு என்னென்ன வேண்டும் என்று அவர்கள் போட்டிருந்த பட்டியலை நானும் உட்கார்ந்து வாசித்தேன். நாலரை வருடம் படித்தது போதாதாம். மதிப்பெண் பட்டியலை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி, ஒவ்வொரு பாடத்தையும் அவர்கள் ஊர்ப் பாடத்தோடு ஒப்பிட்டுத் தாள் வாங்க வேண்டுமாம். அப்படி ஒப்பிட்டதில் வேதியியலும் புள்ளியியலும் அவள் படித்ததில் குறைந்தன. இங்கிலீஷுக்கு ஒரு தேர்வு. ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை. வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று இத்தனை மணி நேரம் பார்த்தேன் என்று அவரே கையெழுத்திட்ட தாள். அதுவும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இவ்வளவு, வெளி நோயாளிகளோடு இவ்வளவு என்று பிரித்து. கடைசியாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள். ஒவ்வொரு வரியும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. இவ்வளவு கேட்கிறவன் சேர்க்க மனசில்லாமல்தான் கேட்கிறான் என்று நினைத்தேன்.

சார் மேல் சந்தேகம் வந்தது அந்த மணிக்கணக்குத் தாளில்தான். ஒரு நாள் இவள் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறாள். அவர் அடித்துவிட்டு ஒரு மணி நாற்பது நிமிடம் என்று எழுதியிருக்கிறார். நடுவில் இருபது நிமிடம் அவள் போன் பேச வெளியே போனாளாம். மூன்று வருடம் நாய் மாதிரி உழைத்தவளுக்கு இருபது நிமிடம் விட்டுக்கொடுக்காத ஆள் எப்படிப்பட்ட ஆளாக இருப்பார்? சிரிக்க மாட்டார். யாரோடும் டீ குடிக்க மாட்டார். இளவயசில் அவரும் வெளிநாடு போக எழுதிப்போட்டு முடியாமல் போனது என்று ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை வைத்திருப்பவர் சொன்னார். எனக்கு அது போதும். தனக்குக் கிடைக்காததை இன்னொருத்திக்குக் கிடைக்க விடுவாரா?

மூன்று கடிதத்தில் இரண்டு இணையத்தில் போய்விட்டன. சார் மட்டும் கம்ப்யூட்டரில் எழுத மாட்டேன், தாளில்தான் எழுதுவேன் என்றுவிட்டார். பல்கலைக்கழகத்தைக் கேட்டதற்கு, உறையை ஒட்டி மூடியின் குறுக்கே கையெழுத்திட்டு அனுப்பினால் ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமை தனக்கு வேண்டாம் என்று தங்கை ஒரு படிவத்தில் ஒப்பம் போட்டிருந்தாள். எனக்குத் தலை சூடாகிவிட்டது.

“ஏத்தா, உன்னையப் பத்தி எழுதுனதை நீயே படிக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தியா? கிறுக்கா ஒனக்கு?”

“நான் படிப்பேன்னு தெரிஞ்சா அவுக நல்லதா மட்டுந்தான்ணே எழுதுவாக. அப்ப அதை அங்க உள்ளவுக நம்ப மாட்டாக.”

“அப்ப கெட்டதா எழுதுறதுக்குத்தான் ஒட்டிக் கேக்காகளா?”

“உள்ளத எழுதுறதுக்கு.”

“உள்ளத எழுதுறவன் எதுக்கு ஒட்டணும்?”

“அண்ணே, இது மல்லி மூட்டையில்ல” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். உறையை மற்றத் தாள்களோடு கூரியர் போட என் மண்டி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அங்கே வைத்திருக்கக் கூடாது.

மதியம் ஆள் இல்லாத நேரம். காலையில் நாற்பது மூட்டை மல்லி குத்திப் பார்த்த ஊசி பையில் இருந்தது. அதன் கூர்முனையை மூடியின் ஓரத்தில் விட்டு மெள்ள நெம்பினேன். திறந்துகொண்டது. ஒரே ஒரு தாள். எனக்கு இங்கிலீஷ் நிதானமாகப் படித்தால் புரியும். கெட்டது ஒன்றைத் தேடி இரண்டு தடவை படித்தேன். முட்டி எத்தனை பாகை மடங்குகிறது என்று அளக்காமல் அவள் ஒரு நாளும் எழுதியதில்லை என்று இருந்தது. தொண்ணூறு வர வேண்டும் என்று நோயாளி கெஞ்சினாலும் எண்பத்தைந்து என்றால் எண்பத்தைந்து என்றே எழுதுவாள் என்று இருந்தது. எங்கள் வீட்டில் அவளைப் பற்றி ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. கடைசியில் ஒரு வரி: வாதாட வேண்டிய இடத்தில் இவள் வாதாடுவதில்லை, அதை இவள் கற்றுக்கொள்ள வேண்டும். இதோ, ஆள் குத்திவிட்டார் என்று பிடித்துக்கொண்டேன். பிறகு பசை தடவி மூடியைத் தேய்த்தேன். சாக்கு மூடிக்கொள்ளும். காகிதம் மூடிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வந்து உறையைக் கையில் எடுத்தவள் நெடுநேரம் மூடியையே பார்த்தாள்.

“அண்ணே, இதைத் தொறந்தியா?”

“நான் எதுக்குத் தொறக்கேன்?” என்றேன்.

அவள் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் உறையைச் சாரிடமே கொண்டுபோய், வேறொன்று எழுதித் தரக் கேட்டிருக்கிறாள். அவர் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, படிக்க மாட்டேன் என்று ஒப்பம் போட்டவள் நீதானே என்று கேட்டிருக்கிறார். நான் திறக்கவில்லை சார் என்றாளாம். அப்படியானால் யார் என்று கேட்டாராம். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அவர் உறையை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டு, இனி எழுத முடியாது என்றுவிட்டார். இதை அம்மாவிடம் சொல்லும்போது அவள் என் பக்கமே திரும்பவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சான்றிதழ்களை எடுத்துப் பீரோவில் அடுக்க ஆரம்பித்தாள். கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது.

இரண்டு நாள் நான் அசையவில்லை. ஒரு கையெழுத்து நூலளவு நகர்ந்ததற்கு இந்த ஆட்டமா என்று அவர் மேலேயே கோபத்தை வளர்த்தேன். அவர் எழுதிய அந்தக் கடைசி வரிதான் விடவில்லை. ‘அண்ணன் திறந்தான்’ என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் அவள் காரியம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என் சத்தத்துக்கு எதிரே யாரும் பேசிப் பழகவில்லை. அந்த ஆள் அவள் மேல் பழி போடவில்லை, பார்த்ததை எழுதியிருக்கிறார் என்று மூன்றாம் நாள்தான் உறைத்தது.

போனபோது சார் பரளச்சியிலிருந்து வந்த ஒரு பெரியவரின் காலைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் இருக்கிற அறை. இருக்கட்டும் என்று அங்கேயே சொன்னேன்.

“சார், அந்த உறையைத் தொறந்தது என் தங்கச்சி இல்ல. நான்.”

அவர் காலை விடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். “தங்கச்சிக்காகப் பழியை ஏத்துக்கிட வந்திருக்கீங்க. நம்ப முடியாது.”

வாழ்க்கையில் நான் ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லும்போது ஒருவர் என்னைச் சந்தேகப்பட்டது அன்றுதான். ஆத்திரத்தில் பையிலிருந்து குத்தூசியை உருவி, “இதை வச்சுத்தான் சார் நெம்புனேன்” என்று காட்டினேன். படுத்திருந்த பெரியவர் அலறிவிட்டார்.

“அய்யா, கம்பியை உருவுறாக! உங்க சண்டையை அப்புறம் வச்சுக்கங்க, மொதல்ல என் காலைக் கீழ எறக்குங்க!”

சார் காலை மெதுவாக இறக்கினார். கைகழுவிவிட்டு மேசையிலிருந்து உறையை எடுத்து, மூடியைப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினார். கொஞ்சம் தூசியும், இரண்டு மல்லித் தோலும் விழுந்தன. ஒன்றை விரலால் நசுக்கி முகர்ந்தார்.

“சரி. நீங்கதான்” என்றார்.

“ஒண்ணு கேக்கேன் சார். நீங்க வெளிநாடு போக முடியாத வயித்தெரிச்சல்ல எழுதிக் கெடுத்துருவீகன்னு நெனச்சேன்.”

“போக முயற்சி பண்ணினது நெசம். மிச்சம் நீங்க சேத்துக்கிட்டது.”

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், கையமர்த்திவிட்டார். பெரியவரைப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார். பத்து நிமிடம் அரைமணி நேரமானது. முதல் கடிதம் ஒரு தாள். இது இரண்டாவது தாளுக்கும் போனது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைவிட, அவர் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதினார்.

“அதேதான எழுதுறீக சார்?”

“அதை நீங்க ஏன் கேக்குறீங்க?”

ஒட்டினார், குறுக்கே கையெழுத்திட்டார். தங்கையை அழைத்து மற்றத் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். யார் கையிலும் கொடுக்காமல் அவரே கூரியர் கடைக்குக் கொண்டுபோனார். நான் வண்டியில் பின்னாலேயே போனேன். கடை வாசலில் திரும்பிப் பார்த்து, “இன்னுமா?” என்றார். பழைய உறையை என் கையில் திணித்தார். “இது ஒங்களுக்கு. நல்லாப் படிங்க.”

தங்கைக்கு இடம் கிடைத்தது. வகுப்பு தொடங்குவதற்குள் வேதியியலையும் புள்ளியியலையும் முடித்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தார்கள். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து இணையத்திலேயே முடித்தாள். இப்போது அங்கே இரண்டாம் வருடம். போனில் சத்தமாகப் பேசுகிறாள். போன மாதம் ஒரு விஷயத்தில் என்னையே எதிர்த்துப் பேசி, பாதியில் போனை வைத்துவிட்டாள். சார் அந்த ஆஸ்பத்திரியை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அந்த இரண்டாவது தாளில் என்ன எழுதியிருந்தார்? என்னைப் பற்றி எழுதியிருப்பாரோ? உறையைத் திறக்கிற குடும்பம் என்று எழுதியிருப்பாரோ? அங்கே யாரிடமாவது கேட்டுப் பாரேன் என்று தங்கையிடம் சொன்னேன். “கேக்க மாட்டேண்ணே. கையெழுத்துப் போட்டிருக்கேன்ல” என்றாள்.

இன்று காலையில் முப்பது மூட்டை உளுந்து குத்திப் பார்த்தேன். இரண்டில் ஈரம் இருந்தது, திருப்பி அனுப்பினேன். ஊசியைத் துடைத்து வைக்க இழுப்பறையைத் திறந்தால் இந்த உறை. இதை நான் மறுபடி ஒட்டவில்லை. உள்ளே இருக்கிற ஒற்றைத் தாள் எனக்கு மனப்பாடம். போய்ச் சேர்ந்த அந்த இன்னொரு உறையைப் பற்றித்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மண்டியில் உட்கார்ந்த நாள் முதலாக, குத்திப் பார்க்காமல் நான் போகவிட்ட மூட்டை அது ஒன்றுதான்.