படகுக் குளியலறைக்குக் காற்று விட்ட நாள்

கொஸ்லந்தையிலிருந்து கீழே இறங்கி, வெல்லவாயவில் பஸ் மாறி, இன்னும் வெயில் கூடிய பக்கமாகப் போனால் ஒரு நீர்த்தேக்கம் வரும். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கென்று ஒரு சின்னப் படகு இருந்தது. நானும் என் அண்ணியும் அதில் துப்புரவு வேலைக்குப் போனோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து குறைந்து, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாலும் பாதி நாள் திருப்பி அனுப்பிய காலம் அது. வேலையை முதலில் விசாரித்து வந்தது அண்ணிதான். "பொட்டச்சி ரெண்டு பேரு சேந்து போனா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க, கெளம்பு புள்ள" என்று என்னையும் இழுத்துக்கொண்டாள்.

படகில் இரண்டு அறைகள், முன்னால் உட்கார்ந்து தண்ணீர் பார்க்க ஒரு தட்டு, பின்னால் சமைக்கும் இடம். எல்லாம் அழகாகத்தான் இருந்தது, குளியலறையைத் தவிர. கக்கூசும் குளிக்கும் இடமும் ஒன்றாக, ஒரு துணி அலமாரி அளவுக்குத்தான் அது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். வட்டமாக ஒரு சன்னல் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதன் வழியாகத் தண்ணீர் தெறித்து உள்ளே வந்ததாம். முதலாளி அதைப் பசை வைத்து ஒரேயடியாக அடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு உள்ளே போன ஈரம் வெளியே வரவில்லை. ஒருவர் சுடுதண்ணீரில் குளித்தால் மாலைவரை சுவர் வேர்த்துக்கொண்டிருக்கும். துவாய் காயாது. கூரைப் பலகையில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தது, காலையில் தேய்த்தால் இரண்டாம் நாள் திரும்ப வரும். கதவுப் பலகை ஈரத்தில் ஊதி, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். நாற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அழுகிய பூஞ்சணமும் மூத்திரமும் சோப்பும் கலந்த ஒரு நாற்றம். எங்கள் முடியிலேயே ஒட்டிக்கொண்டு, நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயம் வரைக்கும் வந்தது.

வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். முதலாளி எங்கள்மேல் பாய்ந்தார். அவர் பண்டாரவளையில் ஓட்டல் வைத்திருந்தவர். கிழமைக்கு ஒருமுறை வருவார்.

"ரெண்டு பேரு இருக்கீங்க, ஒரு பாத்ரூம் கழுவத் தெரியல."

அண்ணி வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. "கழுவுறோமுங்க. காத்து போக வழியில்லாம இருக்கு. அந்த சன்னலத் தெறந்து விட்டீங்கன்னா போதும்."

"தண்ணி உள்ள வந்து கட்டில் நனைஞ்சா நீயா வாங்கித் தருவ?"

ஆனாலும் அடுத்த முறை வரும்போது ஒரு குட்டிக் காற்றாடி வாங்கி வந்து கூரையில் மாட்டினார். அது உர்ரென்று சுற்றியது. கதவை மூடினால் அறையில் ஒரு ஓட்டை கிடையாது. உள்ளே இருந்த அதே காற்றையே அது சுற்றிச் சுற்றி அடித்தது. சுவர் அப்படியே வேர்த்தது. காற்றாடி மாட்டியும் நாங்கள்தான் ஒழுங்காகக் கழுவவில்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார் போலிருக்கிறது. அதற்கடுத்த கிழமை காரமான ஆசிட் போத்தல்கள் ஒரு பெட்டி வந்தது. பூஞ்சணத்துக்கு ஏற்கனவே குளோரின் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. போத்தலில் எழுதியிருந்தது இங்கிலீஷில்.

அன்றைக்கு விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார்கள். ஒரு புருஷன், பெண்சாதி. முன்தட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி குளியலறையில் சுவருக்குக் குளோரின் அடித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். படகைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் ஓடிவந்து, "நாத்தம் முன்னுக்கு வருது, கதவ மூடிக்கிட்டு வேலையச் செய்" என்றார். அண்ணி கக்கூசுக்கு ஊற்ற ஆசிட் போத்தலையும் உள்ளே எடுத்துக்கொண்டு கதவை மூடிக்கொண்டாள். நான் பக்கத்து அறையில் கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் இருமல் கேட்டது. அவள் எப்போதும் இருமுவாள்தான், நாங்கள் இருவருமே. பிறகு வாளி விழுந்தது. பிறகு கதவில் கையால் அடிக்கிற சத்தம். நான் ஓடிப்போய் இழுத்தேன். ஊதிப்போன கதவு நிலையில் இறுகி நின்றது. அவள் உள்ளிருந்து தள்ளுகிறாள், நான் வெளியிலிருந்து இழுக்கிறேன். "அண்ணி, தோளக் குடுங்க, தோளக் குடுங்க" என்று கத்தினேன். சமையல்காரர் வந்து என்னோடு சேர்ந்து இழுத்த பிறகுதான் அது பெயர்ந்து வந்தது. மஞ்சளும் பச்சையுமான ஒரு புகை அவளோடு சேர்ந்து வெளியே வந்தது. என் கண்ணும் தொண்டையும் எரிந்தன. அண்ணி முட்டிபோட்டு விழுந்து, தரையைப் பிறாண்டிக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள். வாயில் நுரை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்பது போல.

கரையிலிருந்த வேனில் ஏற்றினோம். வெல்லவாய ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, அங்கிருந்து பதுளைக்கு அனுப்பினார்கள். மலை ஏறும் வழியெல்லாம் நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆசிட்டும் குளோரினும் சேர்ந்து விஷக்காற்று கிளம்பியிருக்கிறது என்று பதுளை டொக்டர் சொன்னார். "அந்த ரூமில ஒரு ஜன்னல்கூட இல்லையா?" என்று கேட்டார். இருந்தது, அடைத்துவிட்டார்கள் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் எழுதினார்.

முதலாளி ஒரு பை அப்பிள் கொடுத்தனுப்பினார். அண்ணியால் அப்போது கஞ்சியைத் தவிர ஒன்றும் விழுங்க முடியாது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிட்டோம்.

நான் வேலைக்குத் திரும்பினேன். அண்ணன் ஒருவன் உழைப்பில் வீடு ஓடாது. குளியலறை அப்படியேதான் இருந்தது. ஆசிட் பெட்டியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். கதவு அதே கதவு, சன்னல் அதே சன்னல். அதன்பிறகு வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரி, குளியலறை நாறுகிறது என்று படத்தோடு இன்டர்நெட்டில் எழுதிப் போட்டுவிட்டாள். முன்பதிவு செய்தவர்கள் சிலர் வரவில்லை என்று அறிவித்தார்கள். அதற்கு அடுத்த கிழமையே, முதலாளி சொல்லியனுப்பி, படகு செய்கிற ஒருவர் வந்து இறங்கினார்.

அவர் பொத்துவில் பக்கத்து முஸ்லிம் மனிதர், நரைத்த தாடி. உள்ளே ஒருமுறை போய் நின்றார், கூரையிலிருந்த காற்றாடியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். கதவைக் கழற்றிக் கீழே நாலு விரல் அளவுக்கு அறுத்தார், அந்த இடத்தில் சரிவான சட்டங்கள் பதித்தார். கூரையில் ஒரு வட்டம் வெட்டிக் காளான் குடை போல மூடி ஒன்றைப் பொருத்தினார், மழை உள்ளே வராமல் காற்று மட்டும் போகிற மாதிரி. காற்றாடியைக் கழற்றி அந்தக் குடைக்குக் கீழே வைத்து, சூரிய வெளிச்சத்தில் ஓடும்படி மேலே ஒரு தகடு வைத்துக் கம்பி இழுத்தார். அடைத்த சன்னலைப் பெயர்த்து, மேலே கீல் வைத்து, வெளிப்பக்கமாகச் சரிந்து திறக்கிற மாதிரி மாற்றினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காத்து வெளிய போற எண்டா உள்ள வாறதுக்கும் ஒரு வழி வேணும் தானே, தங்கச்சி" என்றார். ஒரு கடதாசித் துண்டைக் கதவின் கீழே பிடித்துக் காட்டினார். அது உள்பக்கமாக இழுபட்டு ஆடியது.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரியே அவரைக் கூப்பிட்டேன். "நானா, இத மொதல்லயே செஞ்சிருக்க முடியாதா?" என்று கேட்டேன்.

அவர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். "இந்தப் படக கட்டக்குள்ளயே நான் சொன்ன தானே. கூரைய வெட்டினா ஒழுகும், அது வேணாம் எண்டுட்டார் உங்கட முதலாளி." பிறகு நான் ஏன் கேட்டேன் என்பது உறைத்திருக்க வேண்டும். மேனேஜர் அவரிடம் ஏதாவது சொல்லியிருப்பார். "உங்கட ஆள் ஒருத்தருக்குத் தானா அப்பிடி நடந்த?" என்றார். ஆமாம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பையின் வாரை இறுக்கினார்.

சாயந்தரம் முதலாளி வந்து பார்த்தார். கதவைத் திறந்து மூடினார், மோந்து பார்த்தார். "இப்பத்தான் ஒழுங்காக் கழுவியிருக்கு" என்றார். அதோடு நிற்கவில்லை. "உன் அண்ணி இடத்துக்கு லயத்தில வேற யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வா. சின்ன வயசா இருந்தா நல்லது."

வாளியையும் கழுவுகிற தும்புத்தடியையும் அவர் காலடியில் வைத்துவிட்டு, கரைக்கு வந்து, என் துணிப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்த நேரத்தில் அது பெரிய காரியமாகத் தெரிந்தது. கொஸ்லந்தை வரைக்கும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

அண்ணி லயத்துக் காம்பராவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளால் படுத்துத் தூங்க முடியாது. பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் நிற்க வேண்டும். மலை ஏறிக் கொழுந்து எடுப்பது இனி இல்லை. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். கதவை அறுத்தது, கூரையில் குடை வைத்தது, முதலாளி பேசியது, நான் வாளியை வைத்துவிட்டு வந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப இப்ப நாத்தம் இல்லையா?"

"இல்ல அண்ணி. சுத்தமா இல்ல."

"கதவு?"

"ஒரு விரல்ல தள்ளுனா தெறக்குது."

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு, "எல்லாம் சரியாகி மனுசரு வேலை செய்யிற மாதிரி ஆனப்பறமா விட்டுட்டு வந்திருக்க?" என்றாள். "எனக்காக வந்தேன்னு சொல்லாத புள்ள. எனக்கு மருந்து வாங்கணும். ஒன் ரோசத்த வச்சி நான் என்ன பண்ண?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். பிறகு கேள்விப்பட்டேன், வெல்லவாய பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை அந்த வேலைக்குப் போகிறதாம், அங்கே நல்ல காற்றோட்டம் என்கிறதாம்.

நான் மறுபடி தோட்டத்தில் பேர் பதிந்தேன். காலையில் கூடையை எடுக்கும்போது அண்ணி விழித்துத்தான் இருப்பாள். முன்பெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே பெரட்டுக்குப் போவோம். இப்போது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நானும் கூப்பிடுவதில்லை.