ஆறாவது கோடையில் ஆப்பிள் பாடம்

ஷாங் யாச்சின் எங்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. நான் வென், கணக்கு ஆசிரியன். ஒரே ஆசிரியர் அறையில், ஒரே அடுப்பைச் சுற்றி, பதினோரு குளிர்காலம் உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கு என்னைவிட ஏழு வயது அதிகம் என்பதால் நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். நூடுல்ஸ் சாப்பிடும்போது பச்சைப் பூண்டை ஒவ்வொரு பல்லாகக் கடித்துக்கொள்வாள். பிறகு அதே வாயோடு வகுப்புக்குப் போய் ஆங்கிலம் உச்சரிப்பாள். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்ளும்.

கல்லூரி வாசல் மிதிக்காதவள். பக்கத்து மலை முகட்டில் பிறந்து, அப்பாவின் ரேடியோவில் பாடம் கேட்டு ஆங்கிலம் கற்றவள். ஒன்பது வருஷம் தற்காலிக ஆசிரியை. அதற்குப் பிறகுதான் வேலை நிரந்தரமானது. கணவர் சின்ஜியாங் பக்கம் சாலை போடும் வேலையில் இருந்தார். புத்தாண்டுக்கு மட்டும் வருவார். அவளிடம் படிக்கிற பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் ஓர் ஆங்கிலப் பக்கத்தைத் தடுமாறாமல் படிப்பார்கள். கன்சுவின் இந்த வறண்ட மலையில், உருளைக்கிழங்கைத் தவிர எதுவும் ஒழுங்காக விளையாத லியூச்சாவானில், அது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்து ஆப்பிள் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒவ்வொரு ஜூலையிலும் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கனடாக்காரர்கள். அழைத்து வருவது லான்சோ நகரத்தில் ஏதோ தொண்டு அமைப்பு நடத்திய சூ மேடம். குழுத் தலைவர் டெரெக் ஐம்பது வயதுக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். அவரும் வருஷம் தவறாமல் வருவார். இரண்டு வாரம் இருப்பார்கள். வந்த அன்றே தலைக்குக் குளிப்பார்கள். எங்கள் ஊரில் மழைத் தண்ணீரைத் தரைக்கடியில் தொட்டி கட்டிச் சேர்த்து வைத்துத்தான் வருஷத்தை ஓட்டுகிறோம். முதல் கோடையில் பள்ளித் தொட்டியை ஐந்தே நாளில் காலி செய்தார்கள். அடியில் கிடந்த செத்த எலி மேலே வந்தபோது, ஒரு பெண் அதைப் படம் பிடித்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். அந்த நாற்றத் தண்ணீரைத்தான் அதன்பிறகு நாங்கள் காய்ச்சிக் குடித்தோம்.

எங்கள் கழிப்பறைக் குழியைப் பார்த்து அவர்கள் முகம் சுளித்தார்கள். நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. டெரெக் மூக்கைத் துணியில் சிந்தி, அதை நாலாக மடித்து, பத்திரமாகக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அதை முதலில் பார்த்த அன்று யாச்சின் அக்கா சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"சளியச் சேத்து வெச்சு ஊருக்கு எடுத்துட்டுப் போவாரா வென்? அங்க அது கிடைக்காதோ?"

"நாம தரையில துப்புறோம்னு அவங்க சொல்றாங்கக்கா."

"நாம துப்புனா அதோட போச்சு. இவரு பாக்கெட்டுல வெச்சிருக்கற கையாலதான் எனக்குக் கை குடுக்கறாரு."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். ஒருவர் பழக்கம் இன்னொருவருக்குக் குமட்டும். நாளாக ஆகச் சரியாகிவிடும். சரியாகாத சங்கதி வேறு ஒன்று இருந்தது.

இரண்டாம் வருஷம் சூ மேடம் தலைமையாசிரியர் கெங்கிடம் சொன்னாள்: "சார், உங்க பசங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு. வந்தவங்க சோர்ந்து போறாங்க. ஒண்ணுமே தெரியாத பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தாத்தான் அவங்களுக்கும் ஒரு திருப்தி."

கெங் நல்ல மனிதர் என்று சொல்ல ஆசைதான். பள்ளிக்குக் கூரை போட வேண்டும், விடுதிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு வேண்டும் என்று அலைந்தவர். மறுநாள் காலை வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் சொன்னார்: "வெளிநாட்டு டீச்சருங்க கேட்டா, முதல் வாரம் யாரும் பதில் சொல்லக் கூடாது. ரெண்டாவது வாரம் சொல்லலாம். வெளங்குதா?"

"வெளங்குது சார்!" என்று நூறு குரல் ஒன்றாகக் கத்தியது.

அதிலிருந்து பிள்ளைகள் முட்டாளாக நடிக்கப் பழகினார்கள். டெரெக் பிளாஸ்டிக் ஆப்பிளைத் தூக்கிக் காட்டுவார். ஆறாம் வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வாரம் எல்லோரும் 'ஆப்பிள்' என்று கத்தியதும் வந்தவர்கள் கண் கலங்கிப்போய் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வார்கள். பின்வரிசையில் நின்று பார்க்கும்போது, யாச்சின் அக்காவின் தாடை இறுகுவது எனக்குத் தெரியும். அவள் ஆறு வருஷம் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது.

மொழிபெயர்ப்பாளர் வேலையும் அவளுக்குத்தான். "ரொம்ப ஏழை வீடு எது?" என்று கேட்பார்கள்; கூட்டிப் போவாள். போகிற வீட்டுக்கு சூ மேடம் முன்கூட்டியே ஆள் அனுப்பி, பிள்ளையின் நல்ல சட்டையைக் கழற்றிப் பழசை மாட்டச் சொல்லியிருப்பாள். தொலைக்காட்சிப் பெட்டிமேல் போர்வை போட்டு மூடியிருக்கும். கடைசி நாள் விடைபெறும்போது அழுகிற பிள்ளைக்குப் புதுப் பை. அழாத பிள்ளைக்குப் பென்சில் டப்பா.

இந்த நடிப்பில் முதலிடம் தோவ் லாமெய்க்கு. சுருட்டை முடி, ஒடிசலான உடம்பு, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பெண். அவளுடைய அப்பா ஷான்சியில் நிலக்கரிச் சுரங்கம் சரிந்து செத்துப்போனார். அது சூ மேடத்துக்குத் தெரிந்த அன்றே லாமெயின் தலையெழுத்து மாறியது. வருஷா வருஷம் கேமரா முன்னால் உட்கார்ந்து அப்பா செத்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக அவளுடைய விடுதிச் சாப்பாட்டுக்கு அமைப்பு உதவும்.

ஐந்தாவது கோடையில் கோர்ட்னி என்ற இளம்பெண் படம் பிடித்தாள். நல்ல பெண்தான், பாவம், எதைப் பார்த்தாலும் கண் கலங்கிவிடும். வெளிச்சம் சரியில்லை என்று லாமெயை மூன்று இடம் மாற்றி உட்கார வைத்தாள். கதை முடிந்தது. "நாங்க வர்றதுக்கு முன்னாடி நீ என்ன கனவு கண்டே?" என்று கடைசியாகக் கேட்டாள்.

யாச்சின் அக்கா சீனத்தில் கேட்டாள். லாமெய் சொன்னாள்: "பசிக்குது டீச்சர். இன்னும் எவ்ளோ நேரம்?"

கோர்ட்னி ஆவலாகப் பார்த்தாள். சூ மேடம் அக்காவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீங்க வர்ற வரைக்கும் எனக்குக் கனவே கிடையாதுன்னு சொல்றா."

கோர்ட்னி விசும்பினாள். படப்பிடிப்பு முடிந்தது.

வெளியே வந்ததும் லாமெய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்: "டீச்சர், இந்த வருஷம் அழுகை சரியா வந்துச்சா? சுரங்கம்னு சொல்றப்ப அழணுமா, இல்ல சவப்பெட்டின்னு சொல்றப்ப அழணுமா? போன வருஷம் சவப்பெட்டிக்குத்தான் நல்லா வந்துச்சு."

அக்கா ஆசிரியர் அறைக்கு வந்து முகம் கழுவினாள். தொட்டித் தண்ணீர் குறைவாயிருந்தும் இரண்டு தடவை கழுவினாள்.

"என் வாயே நாறுது வென்" என்றாள். நான் பூண்டைச் சொல்கிறாளாக்கும் என்று சிரித்துத் தொலைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

அந்த நவம்பரில் அமைப்பின் ஆண்டு விருந்துக்கு லான்சோ வரச் சொல்லி அக்காவுக்கு அழைப்பு வந்தது. கிராமத்தின் சார்பில் நன்றி சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். பேருந்தில் ஐந்து மணி நேரம். இருக்கிறதில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்த மூன்றாம் நாள் அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டே சொன்னாள்.

பெரிய ஹோட்டல். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவர் முழுக்க லாமெயின் முகம். கண்ணீர் ஒவ்வொரு துளியும் கிண்ணம் அளவு. மூக்குச் சளிகூடத் தெளிவாகத் தெரிந்ததாம். கீழே சீனத்திலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில்: 'நீங்கள் வரும் வரை எனக்குக் கனவே இல்லை.' அந்தச் சுவர் ஓரமாகத்தான் சாப்பாட்டு மேசை. ஆவியில் வெந்த நண்டு மலை மாதிரிக் குவிந்திருந்தது. வந்தவர்கள் நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டே படத்தை அண்ணாந்து பார்த்து 'ஐயோ பாவம்' என்றார்கள். ஒருத்தர் நண்டு ஓட்டைத் துப்பியபோது ஒரு துண்டு படத்தின்மேல் பட்டு, லாமெயின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. விருந்து முடியும் வரை யாரும் அதைத் துடைக்கவில்லை.

"நீ துடைச்சிருக்கலாமேக்கா."

"துடைக்கத்தான் போனேன். கிட்டப் போனதும் அந்த வரி கண்ணுல பட்டுச்சு. அது அவ சொன்னதா வென்? நான் சொன்னது. அவ பசிக்குதுன்னு சொன்னா." இடுக்கியைக் கீழே போட்டாள். "அப்படியே திரும்பி மேடைக்குப் போயி நன்றி சொல்லிட்டு வந்தேன். கை தட்டுனாங்க."

ஆறாவது கோடை வந்தது. அவர்கள் வருவதற்கு முதல்நாள் அக்கா ஆறாம் வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சன்னலோரம் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதிகம் பேசவில்லை.

"தெரிஞ்சதத் தெரியாதுன்னு சொல்ல வேணாம். சொல்லப் பிடிக்கலேன்னா, சொல்லப் பிடிக்கலேன்னு சொல்லுங்க. ரெண்டையும் எப்படிச் சொல்றதுன்னு உங்களுக்கு ஆங்கிலத்துல தெரியும்."

"ஹெட்மாஸ்டர் அடிச்சா?" என்றது ஒரு குரல்.

"என்னைக் காட்டிக் குடுங்க."

மறுநாள் டெரெக் வழக்கம்போல ஆப்பிளைத் தூக்கிக் காட்டி, கண்ணை உருட்டி, "இது என்ன?" என்றார்.

முன்வரிசைப் பையன் எழுந்தான். தெளிவான ஆங்கிலத்தில், "இது ஆப்பிள். பிளாஸ்டிக். போன வருஷமும் இதையேதான் கொண்டு வந்தீங்க" என்றான். இன்னொருத்தி எழுந்து, ஆப்பிளின் ஒரு பக்கம் யாரோ கடித்துப் பார்த்த தடம் இருக்கிறது என்றாள். வகுப்பு சிரித்தது. டெரெக்கும் முதலில் சிரித்தார். பிறகுதான் கை மெல்லக் கீழே இறங்கியது.

இந்தக் கோடையிலும் வந்திருந்த கோர்ட்னி சூழ்நிலையைச் சமாளிக்க லாமெய் பக்கம் திரும்பினாள். "இந்த வருஷம் உன் குடும்பத்தப் பத்திச் சொல்றியா?"

லாமெய் எழுந்து நின்று, தன் ஆங்கிலத்தில் சொன்னாள்: "எங்கப்பாவப் பத்திச் சொல்லப் பிடிக்கல. மூணு தடவ சொல்லிட்டேன்."

யாருடைய மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

சூ மேடம் கெங்கை வெளியே இழுத்தாள். டெரெக் அக்காவை மரத்தடிக்குக் கூட்டிப் போனார். ஒரு மணி நேரம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: பழைய சட்டை, போர்வை, புதுப் பை, பசி. அவர் முகம் சிவந்தது.

"அஞ்சு வருஷம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அஞ்சு வருஷத்துல நீங்க என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கீங்க. 'அவ என்ன சொல்றா?' வேற எதுவும் கேக்கல."

அவர் மூக்கைத் துணியில் சிந்தினார். அழுகிறாரா என்று நான் உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. கோர்ட்னி நிச்சயமாக அழுதாள். லாமெயைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டாள். லாமெய் மரக்கட்டை மாதிரி நின்றாள். யாரோ அதையும் படம் பிடித்தார்கள். அக்கா தரையில் காறித் துப்பிவிட்டு வகுப்புக்குள் போனாள்.

நாலாவது நாளே மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். உதவியும் நின்றது. ஒரு வாரம் கழித்து லாமெயின் அம்மா வந்தாள். ஆசிரியர் அறை வாசலில் நின்று, ஊர் கேட்கக் கத்தினாள்.

"உனக்கு மானம் வேணும்னா உன் மூஞ்சிய மறைச்சிக்கோ. என் பொண்ணு சோத்துல ஏன்டி மண்ணள்ளிப் போட்டே? அழுதா என்ன கொறஞ்சு போச்சு? அவ அப்பனுக்குத்தானே அழுதா!"

அந்த அம்மா சொன்னதும் பொய்யில்லை. அந்த செப்டம்பரில் லாமெய் வறுத்த மாவும் வேகவைத்த உருளைக்கிழங்கும் மூட்டை கட்டிக்கொண்டு டவுன் பள்ளி விடுதிக்குப் போனாள். அங்கே இருந்த மூன்று வருஷமும் பெரும்பாலும் அதைத்தான் தின்று படித்தாள். வழியில் அக்காவைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

கெங் மேலே எழுதிப் போட்டார். அக்காவை முகட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற இரண்டு அறைப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஒன்பது பிள்ளைகள். போய்ச் சேர நடந்தால் இரண்டு மணி நேரம்.

அடுத்த கோடையில் வேறொரு கும்பல் வந்தது. இந்தத் தடவை நம்மவர்கள், நகரத்துக் கல்லூரி மாணவர்கள். ஒரே நிறச் சட்டை, கையில் பதாகை. ஏழை வீடு எது என்று கேட்டார்கள். கெங் என்னைப் பார்த்தார். ஆசிரியர் அறையில் நாங்கள் நாலு பேர். மற்ற மூவரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"வென், நீதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன். சட்டையைக் கழற்றச் சொல்லி முன்கூட்டியே ஆள் அனுப்பவில்லை. நானே நேரில் போய்ச் சொன்னேன். கடைசி நாள் முப்பத்திரண்டு பிள்ளைகள் அழுதார்கள். புதுப் பைகளை நான்தான் வரிசையாக எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் சந்தையில் அக்காவைப் பார்த்தேன். கிழங்கு மூட்டைகள் நடுவே குந்தி உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். குரல் மட்டும் அதே குரல்.

"கோடைக்கு விருந்தாளிங்க வந்தாங்களாமே. யார் கூட நின்னது?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. "நான்தான்க்கா" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு கிழங்கை விரலால் அழுத்தினாள். தோல் உடைந்து கறுப்பாக ஒழுகியது. கையைப் புல்லில் துடைத்துக்கொண்டாள்.

"என் பள்ளிக்கூடத்துல இப்ப ஏழு பசங்கதான்" என்றாள். "ரெண்டு பேரு டவுனுக்குப் போயிட்டாங்க. எல்லாரும் ஒரு முழுப் பக்கம் படிக்கறாங்க. நீ வந்து கணக்குச் சொல்லிக் குடுப்பியா? வாரத்துல ஒரு நாள் போதும்."

"ரெண்டு மணி நேரம் நடக்கணுமேக்கா."

"ஆமா. நடக்கணும்."

யோசிக்கிறேன் என்றேன். அவள் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முகட்டுப் பக்கம் நடந்தாள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறைதான் போனேன். மூன்றாம் முறை பனி என்று சொல்லி நின்றுவிட்டேன். அன்றைக்குப் பனி பெய்யவில்லை.