காப்பார் கடலின் நிறம்

கண்காட்சி அழைப்பிதழ் எது வந்தாலும், அதிலுள்ள படம் கண்ணில் படாதபடி கவிழ்த்து வைத்துவிடுவது இப்போது என் வழக்கம். முன்பெல்லாம் அப்படியில்லை. அழைப்பிதழை வைத்தே விமர்சனம் எழுதிவிடுகிற கெட்டிக்காரனாக இருந்தேன்.

மலேசியாவில் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் ஓவியங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நம்மவர் கண்காட்சி வைப்பதே அபூர்வம், வைத்தால் பாராட்டிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். காப்பார் என்ற கடலோர ஊரைச் சேர்ந்த ஓர் அக்கா, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் தம் முதல் கண்காட்சியை வைத்தார். திறப்பு விழாவில் என்னை மேடையேற்றி மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். ஓவியங்களுக்கு முதுகைக் காட்டியபடி இரண்டு மணி நேரம் பேச்சுகளைக் கேட்டுவிட்டு, மழைக்கு முன் வீடு சேர ஓடினேன். மறுநாள் அழைப்பிதழில் இருந்த கடலைப் பார்த்து, 'அமைதியின் ஆழ்ந்த நீலம்' என்று அரைப்பக்கம் எழுதித் தள்ளினேன்.

அது வெளிவந்த அன்றே அக்கா தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது.

“காப்பார் கடல் எப்ப தம்பி நீலமா இருந்துச்சு? நான் சேறுதானே வரைஞ்சேன்.”

அழைப்பிதழ் முழுவதும் ஒரே நீல மையில் அச்சடித்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் சேற்றின் நிறத்தைப் பிடிக்க மூன்று ஆண்டுகள் பாடுபட்டாராம். வந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஆளில்லாமல், என் எழுத்துக்காகக் காத்திருந்தாராம். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

அடுத்த ஞாயிறு காப்பாருக்குப் போனேன். அக்காவின் கணவர் என் விமர்சனத்தை லேமினேட் செய்து, வீட்டுக் கூடத்தில் அந்த ஓவியத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். வருகிறவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு, பிறகு படத்தைப் பார்த்து, நீலம் அருமை என்று சொல்லிப் போகிறார்களாம். பெருமையாகத்தான் சொன்னார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஓவியத்தின் முன் உட்கார்ந்தேன். கடல் உள்வாங்கிய கரை. பால் விடாத தேநீர் போல ஒரு பழுப்பு, அதற்குள் சாம்பல், அதற்கும் உள்ளே லேசாக ஒரு ரோஜா நிறம். பார்க்கப் பார்க்கச் சேற்றில் ஈரம் ஏறியது, நண்டுப் பொந்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்துகொண்டே போனது. கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறியது. எங்கே இருக்கிறேன் என்பதே மறந்து போயிருந்தது. இடது ஓரத்தில் மட்டும் சேறு உயிரில்லாமல் காய்ந்து கிடந்தது. அங்கே அக்கா அவசரப்பட்டிருக்கிறார். பாராட்டியே பழகிய நாக்கு கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கணவரின் முகம் சுருங்கியது. அக்கா எழுந்து போய் அந்த ஓரத்தைக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“ஆமா லா. எனக்கும் அங்கதான் சந்தேகம்,” என்றார். “இதை மட்டும் எழுதியிருந்தா போதுமே தம்பி.”