மழை சொன்ன முழங்கால்

என் இடது முழங்கால் பேசும். மடக்கி நீட்டினால் உள்ளே யாரோ தாழ்ப்பாள் திறப்பது போல ‘டக்’கென்று சத்தம் வரும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். ஐம்பதுகளின் கடைசியில், பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் சின்னப் பெண். எல்லோருடைய காலும் இப்படிச் சத்தம் போடாது என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையைக் கடை விரித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு லயத்து வரிசையில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவிலேயே இருந்தார். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் என்னைக் கல்லில் உட்கார வைத்து, “ஒரு சத்தம்னா மழ, ரெண்டு சத்தம்னா வெயிலு” என்று அறிவிப்பார். அதற்கு முன்பே மலை உச்சியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எனக்குக் கண் காட்டியிருப்பார். மழைக்குப் போர்த்தக் கம்பளி எடுப்பதா வேண்டாமா என்று கங்காணி கூட என் காலைத்தான் கேட்டார். சொன்னது பொய்த்துப் போனால், “புள்ள ராத்திரி சரியா சாப்பிடல” என்று மாமா சமாளிப்பார். அம்மா அவரைத் திட்டிக்கொண்டே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுவாள்.

ஒருநாள் வெயில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் சத்தம் வந்தது. இரண்டாவதற்கு மடக்கிய காலை நீட்ட முடியவில்லை. அப்படியே பூட்டிக்கொண்டது. உயிர் போகிற வலி. நான் அலறியதும், இதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்துச் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தைலம் தேய்த்துக் கட்டினார்கள். சில நாளில் கால் நீண்டாலும் வீக்கம் வற்றவில்லை. நினைத்தபோதெல்லாம் பூட்டிக்கொள்ளவும் தொடங்கியது.

“ஒன் வெளையாட்டுல எம்புள்ள காலு போச்சுடா. நாளைக்கி இவ மல ஏறுவாளா? ஒருத்தன் கட்டுவானா?” என்று அம்மா கத்தினாள். அதன்பிறகு தம்பியோடு பேச்சே இல்லை. சோற்றை மட்டும் போட்டு வைப்பாள். பெரட்டில் முன்னால் நின்று சத்தம் போடுகிற மாமா, கடைசியில் போய் நின்றார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கண்டி பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவுக்குச் சிங்களம் வராது; மாமாவுக்கு வரும். அவர்தான் தலவாக்கலையில் என்னை ரயிலேற்றிக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் படம் பிடித்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை. பிறகு முழங்காலின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்து, கண்ணை மூடி, மெல்ல மடக்கி நீட்டினார். இவரும் மழையா வெயிலா என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னதை மாமா எனக்குத் தமிழில் சொன்னார். முழங்காலுக்குள் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி சவ்வு இருக்குமாம். மற்றவர்களுக்கு அது பிறை போல இருக்கும். எனக்கு வெளிப்பக்கத்துச் சவ்வு முழு நிலாவாக, தடித்துப்போய் இருக்கிறது. அது சிக்கித்தான் சத்தம், அது சிக்கித்தான் பூட்டு. வெட்டியெடுத்தால் நன்றாக நடக்கலாம்.

இது எதனால் வந்தது என்று மாமா கேட்டார். பிறவியிலேயே இருப்பது என்றார் டாக்டர். மாமா திரும்பவும் அதையே கேட்டார், திரும்பவும் அதே பதில். உடனே வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். காலை வெட்டப்போவது எனக்கு, இவர் எதற்கு அழுகிறார் என்று எனக்குக் கோபமே வந்தது.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று மட்டும் அம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினார். மிச்சத்தை நேரில் சொல்ல ஆசையாக வைத்திருந்தார். எல்லாம் முடிந்து என்னைத் தோளில் சுமந்துகொண்டு லயத்துக்குள் நுழையும்போதே கத்தினார்.

“அக்கா, ஏந்தப்பு இல்லக்கா! பொறவியிலேயே அப்பிடித்தானாம்! உள்ளுக்குள்ள முழு நெலா இருந்திச்சாம்!”

அம்மா அவரையே பார்த்தாள். “முழு நெலாவா?” என்றாள். என்னை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் தம்பியைக் கூப்பிட்டுச் சோறு போட்டாள், பேசினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

என் கால் ஊமையாகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அம்மா மட்டும் மலையிலிருந்து இறங்கியதும், கொழுந்துக் கறை படிந்த கையைக் கழுவிவிட்டு, தழும்பில் தைலம் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். நான் ஓடியாடத் தொடங்கிய பிறகும் விடவில்லை. “வலிக்கலம்மா” என்று காலை இழுத்துக்கொள்வேன். பிடித்து வைத்துத் தேய்ப்பாள்.

பிறகு மலையும் ஏறினேன், கல்யாணமும் நடந்தது. தலைச்சனைச் சுமந்திருந்தபோது ஒரு சந்திர கிரகணம் வந்தது. அம்மா ஜன்னலையெல்லாம் சாத்தி என்னைப் படுக்க வைத்தாள். “கால மடக்காத, நீட்டியே படு” என்று இரண்டு முழங்காலையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“ஒன்னைய சொமந்தப்ப, வெளிய போகாதன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் கேக்கல. கெரகணத்தன்னிக்கி பீலியில தண்ணி புடிக்கப் போயி, கால மடக்கி குந்திப் பானை கழுவுனேன். மேல முழு நெலா, ஓரத்துல கறுக்க ஆரம்பிச்சிருந்திச்சு.”

கிரகணம் விடும்வரை அவள் கையை எடுக்கவேயில்லை. நான் காலை நீட்டியபடியே கிடந்தேன். அத்தனை சாயங்காலமும் “வலிக்கலம்மா, வலிக்கலம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வலித்தது யாருக்கு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.