துண்டுக்கடியில் வாங்கிய சைக்கிள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், சுவரில் இருக்கும் முருகன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். சாமியைக் கேலி செய்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். பத்தாவதோடு நின்றவனுக்கு எழுத்து எதற்கு என்று கூச்சம் வேறு. ஆனால் எங்கள் கம்பெனி கேன்டீனில் இந்தக் கதை என்னைக் கேட்காமலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் கேட்டபோது, நான் பூசணிக்காய் மேல் சைக்கிள் விட்டு விழுந்ததாகச் சொன்னார்கள். சத்தியமாக அது பூசணிக்காய் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டேன். இவள் எழுந்து நடந்துவிட்டால், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் உன் கோயிலுக்குச் சைக்கிள் மிதித்தே வருகிறேன் முருகா என்றேன். ஏன் சைக்கிள் என்றேன் என்று இன்றுவரை தெரியாது. வீட்டில் சைக்கிளே கிடையாது. ஆனாலும் பாருங்கள், ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி இறக்கத்தில் இருக்கிறது. பதற்றத்தில் வந்த வேண்டுதல்கூட இறக்கம் பார்த்துத்தான் வந்திருக்கிறது.

அவள் எழுந்து நடந்தாள். என் வேண்டுதலைக் கேட்டதும் தன் பங்குக்கு ஒன்று வைத்தாள்.

"நீங்க சைக்கிள்ல போயி சாமியப் பாக்கற வரைக்கும் நான் காபிய தொட மாட்டேன்."

இது சாதாரணப் பேச்சு இல்லை. அவள் விளக்கேற்றுவதற்கு முன்பே காபி குடிக்கிறவள். குடிக்காமல் கும்பிட்டால் சாமி மேலேயே எரிச்சல் வருமாம். அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பாத்திரங்கள் மெதுவாகக் கீழே வைக்கப்படவில்லை. விரதம் அவளுடையது, தண்டனை எனக்கு. பக்கத்து வீட்டில் டிகாக்‌ஷன் வாசம் வந்தால் ஜன்னலைச் சாத்துவாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள்.

கம்பெனியில் என் பக்கத்து லேத்தில் நிற்பவன் தளி பக்கத்துக்காரன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன். எல்லாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். அவன்தான் யோசனை சொன்னான்.

"குரு, சாதா சைக்கிள மிதிச்சா உன் முட்டிக்கு சூளகிரி தாண்டாது. பழைய ரோடு சைக்கிள் ஒண்ண புடி. ஹேண்டில் கெடா கொம்பு மாதிரி கீழ வளைஞ்சிருக்கும். டயரு வெரல் தடிமன்தான். தொட்டா ஓடும்."

"புதுசா வாங்கக் கூடாதா?"

"அந்தக் கடைக்காரன் நம்ம யூனிபார்மப் பாத்தே கதவ சாத்திடுவான். பழசு வாங்கு, நாம ரெடி பண்ணலாம்."

இரண்டு சைக்கிள் இருப்பதாகத் துப்புக் கொண்டு வந்தான். ஒன்று ஓசூரிலேயே, ரிட்டயர் ஆன அதிகாரி ஒருவர் வீட்டில். போய்ப் பார்த்தோம். நீல நிறம், ஹாலில் சுவரில் மாட்டியிருந்தது. அவர் அதை இறக்கவே இல்லை. சோபாவில் உட்கார வைத்து, பெண் கொடுக்கிற வீட்டில் மாப்பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டார்.

"வீடு சொந்தமா? வண்டிய உள்ளதான நிறுத்துவீங்க? மழையில வெளிய எடுத்துட்டுப் போக மாட்டீங்களே?"

"கோயிலுக்கு ஒரு தடவ எடுத்துட்டுப் போகணும் சார்."

"ரோட்லயா?" என்று அதிர்ந்துபோனார். யோசித்துச் சொல்வதாக அவரும் சொன்னார், நானும் சொன்னேன்.

இரண்டாவது, குந்தாரப்பள்ளி வாரச்சந்தைக்கு வருகிற மாட்டு புரோக்கர் ஒருவரிடம் இருந்தது. யாரோ கன்றுக்குட்டிக்கு மாற்றாகத் தந்துவிட்டுப் போனதாம். புளியமரத்தில் ஒரு எருமைக்கும் கிடாரிக்கும் நடுவில் கயிற்றால் கட்டியிருந்தார். சீட் தோல் கிழிந்திருந்தது, சட்டமெல்லாம் துரு. ஆனால் இழுத்துக் கட்டின மாதிரி ஒரு ஒல்லி உடம்பு. பார்த்ததும் பிடித்துவிட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீலம் சுத்தமானது, கிடைக்குமா தெரியாது. இது கையில் கிடைக்கும், ஓடுமா தெரியாது. எனக்கு முடிவெடுக்க வரவில்லை. முருகா நீயே பார்த்து ஒன்றைச் சொல் என்று மனசுக்குள் விட்டுவிட்டேன். லேத்துக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான்.

புரோக்கர் செயின் சக்கரத்தைத் தூக்கிக் காட்டினார். "பல்லப் பாருண்ணா, ஒரு பல்லு தேயல. எளசு."

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அதற்கு அடியில் என் விரல்களைப் பிடித்தார். தெற்கே எங்கள் ஊரில் நாங்கள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போன குடும்பம், மாடு வாங்கி அறியோம். பெரியவர் மரியாதையாகக் கை கொடுக்கிறார் என்று நினைத்து, நானும் பணிவாக இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

"முடிஞ்சிது!" என்று சத்தம் போட்டார். சுற்றி நின்ற நாலைந்து பேர் தலையாட்டினார்கள். விரல்களில் விலை சொல்வதும், அழுத்தினால் சம்மதம் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"ஏங்க, சைக்கிளுக்கு எதுக்குத் துண்டு?"

"எங்கிட்ட வந்து நின்னா எல்லாம் மாடுதாண்ணா. அழுத்துன கைய எடுத்தா இந்த வாரம் எனக்கு யாவாரம் வெளங்காது."

டீ குடித்துவிட்டு வந்த லேத்துக்காரன் என் கையில் கயிற்றைப் பார்த்தான். "யாரக் கேட்டு வாங்குன?"

"முருகனக் கேட்டு."

"அவருக்கு சைக்கிளப் பத்தி என்ன தெரியும்? மயில்லயே போறவரு."

மொட்டைமாடியில் வேலை நடந்தது. டீசல் ஊற்றிப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தோம். சீட் தண்டு சட்டத்தோடு இறுகி அசையவே இல்லை. அதற்கு விபூதி பூசிவிட்டுப் படுத்தேன். காலையில் திருப்பினால் வெண்ணெய் மாதிரி வந்தது. முருகன் செயல் என்றேன். "டீசல் செயல்" என்றான் அவன். மனைவி கீழிருந்து கேட்டாள்: "யார் செயலா இருந்தா என்ன, என்னைக்கு முடியும்?"

முடிந்தது. புறப்படுகிற காலையில் சைக்கிளுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள். பைக்குக்கு வைக்கிறோம், லாரிக்கு வைக்கிறோம், இதற்கும் வைத்தோம். லாரி நசுக்கும். விரல் தடிமன் டயர் நசுக்குமா? ஏறியது, பழம் உருண்டது, நான் தெருவில் கிடந்தேன். ஹேண்டில் ஒரு பக்கம் பார்த்தது, நான் ஒரு பக்கம் பார்த்தேன். அவள் என்னைத் தூக்கிவிட்டு, நசுங்காமல் ஓடிய பழத்தைப் பொறுக்கி வந்து ஜூஸ் போட்டுக் கொடுத்தாள். "சாமி உங்கள ஒடச்சது போதும், குடிங்க." ஹேண்டிலை நிமிர்த்தி ஆள் கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவள் பஸ்ஸில் முன்னால் போனாள், கையில் பிளாஸ்க். அந்தக் காபியை விடிகாலையில் நானே போட்டிருந்தேன்.

சூளகிரி வரை பறந்தேன். குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை என்பது நினைவில்லை. புரோக்கர் நடு ரோட்டில் கையை விரித்து நின்றார். "ண்ணா! நம்ம காளையாச்சே!" என்று நிறுத்தி, வந்து போகிறவர்களுக்கெல்லாம் பல்லைத் தூக்கிக் காட்டினார். ஒருவர் என் கைமேலேயே துண்டைப் போடப் பார்த்தார். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்திவிட்டார்கள். படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிளாஸ்க்.

"சாயந்தரம்தான் தொறப்பாங்களாம்."

"நான்தான் மிதிச்சு வந்துட்டேன்ல. நீ குடி."

"சாமியப் பாத்தாதான் கணக்கு."

பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று நான் முருகனிடம் சொன்னது மரியாதையான பேச்சு இல்லை. உனக்குத் தூக்கம் வருகிறது, இவள் ஆபரேஷன் உடம்போடு வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள், கொஞ்சமாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் "மெதுவா பேசுங்க, தூங்கறாரு" என்றாள்.

கதவு திறந்தது. தீபாராதனையில் அவர் முகத்தைப் பார்த்ததும் சண்டை மறந்துபோய், கண்ணில் தண்ணீர் வந்து நின்றது. பக்கத்தில் அவள் கையைக் கூப்பி, நிமிர்ந்து, தன் காலில் நின்றுகொண்டிருந்தாள். நான் கேட்டது அவ்வளவுதானே.

வெளியே வந்து மூடியில் ஊற்றினாள். ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினாள்.

"சக்கர போடலீங்க நீங்க."

சொல்லிவிட்டு, எனக்கு ஒரு சொட்டு வைக்காமல் பிளாஸ்க்கைக் கவிழ்த்து முடித்தாள்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், அவர்களுக்கும் காபி பிடிக்கும் என்றால் நிச்சயம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதிவைத்த மாதிரியே சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகவே இருக்கட்டும். முக்கியமாக, அவள் சோற்றை விட்டாள் என்று பெரிதாக்க வேண்டாம். கேன்டீனில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சோத்த யாரு வேணா விடுவாங்க" என்றாள்.